ஓர் இயக்குநரை உருவாக்கிய படங்களைப் பெரிய திரையில் ஏன் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: தன் ரசனையை உருவாக்கிய பழைய படங்களை ஓர் இயக்குநரே தேர்ந்தெடுத்துத் தியேட்டரில் திரையிடும் தொடர்கள் நடக்கின்றன. அந்தப் படங்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. பிறகு ஏன் போக வேண்டும்? போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

கட்டாயம் போங்கள். ஆனால் "இந்த ஷாட்டை இவர் அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார்" என்று கண்டுபிடிப்பதற்காகப் போக வேண்டாம். அந்த வேலைக்கு வீடே போதும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துக் காட்டும் வீடியோக்களும் இணையத்தில் ஏராளம். ஓர் இயக்குநர் தனக்கு முந்தைய படங்களிலிருந்து பெறுவதில் ஷாட்டுகளின் பங்கு சிறியது. அவர் பெறுவதில் பெரியது ஓர் அளவுகோல். பரந்த வெளிக்குள் ஒரு மனிதனை எவ்வளவு சிறியதாகக் காட்டலாம்? ஒரு முகத்தை எவ்வளவு பெரிதாக்கலாம்? ஒன்றும் நடக்காத காட்சியைப் பார்வையாளர் எவ்வளவு நேரம் தாங்குவார்? இதற்கெல்லாம் விடை ஒரு பெரிய திரையின் முன்னால், இருட்டில், நிறுத்த முடியாத ஓட்டத்தில்தான் கிடைக்கிறது. அந்த இயக்குநருக்கும் பெரும்பாலும் அங்கேதான் கிடைத்திருக்கும்.

ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்க்கலாம். 2017 ஜூலையில் 'டன்கர்க்' வெளியான சமயத்தில், லண்டனில் உள்ள பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் சவுத்பேங்க் அரங்குகளுக்காக கிறிஸ்டோபர் நோலன் ஒரு தொடரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அந்தப் படத்துக்கு உரமாக இருந்த பழைய படங்கள் அவை. போர்ப் படத்துக்கான பட்டியல் என்றால் போர்ப் படங்களாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் அதில் போர்முனையிலேயே நடக்கும் கதை என்றால் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்' (1930) ஒன்றுதான். மற்றவற்றைப் பாருங்கள்: ஸ்ட்ரோஹைமின் மௌனப்படமான 'கிரீட்' (1924), முர்னாவின் 'சன்ரைஸ்' (1927), க்ளூஸோவின் 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' (1953), பொண்டேகோர்வோவின் 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966), டேவிட் லீனின் 'ரயன்ஸ் டாட்டர்' (1970), ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979). 'ஸ்பீட்' (1994) கூட இருந்தது.

ஒரு மௌனக் காதல் கதைக்கும் கடற்கரையில் மாட்டிக்கொண்ட ராணுவ வீரர்களுக்கும் என்ன சம்பந்தம்? கதையை வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. 'டன்கர்க்'கில் நோலன் செய்ய நினைத்ததை வைத்துப் பார்த்தால் புரியும். பாத்திரங்கள் தங்கள் கதையைச் சொல்லாமல், பேச்சு மிகக் குறைவாக, கூட்டமும் வெளியும் நேரமுமே படத்தை நடத்த வேண்டும். அதைப் பேச்சே இல்லாத காலத்து இயக்குநர்கள் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்கள். 'சன்ரைஸ்' படத்தின் நகரக் காட்சிகளுக்கு முர்னாவ் பிரம்மாண்டமான செட் போட்டார். பின்னால் போகப் போகக் கட்டடங்களைச் சிறியதாக்கி, தொலைவில் உருவத்தில் சிறிய மனிதர்களை நடக்கவிட்டு, இருப்பதைவிடப் பல மடங்கு ஆழம் தெரியும்படி கட்டினார். கிராமத்துத் தம்பதி டிராமில் நகரத்துக்குள் நுழையும்போது ஜன்னலுக்கு வெளியே காடு மெல்ல மெல்ல ஊராக மாறும். வீட்டுத் திரையில் அது ஓர் அழகான காட்சி, அவ்வளவுதான். தியேட்டரில் அந்த ஜன்னல் உங்கள் உயரத்துக்கு இருக்கும். முன்னால் அழுதுகொண்டிருக்கும் மனைவியைப் பார்ப்பதா, பின்னால் நகரும் உலகத்தைப் பார்ப்பதா என்று கண் அலையும். இப்படிக் கண்ணை அலையவிடும் துணிச்சல்தான் 'டன்கர்க்' கடற்கரையில் வரிசை வரிசையாக நிற்கும் வீரர்களின் ஃபிரேம்களில் எனக்குத் தெரிகிறது.

இப்போது 'சிறியது' என்ற விஷயத்துக்கு வருகிறேன். டேவிட் லீனின் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் (1962) ஷெரீஃப் அலி அறிமுகமாகும் காட்சியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் பெரிய திரையின் தேவையை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் காட்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பாலைவனத்தில் ஒரு கிணறு. லாரன்ஸும் அவருடைய வழிகாட்டியும் நிற்கிறார்கள். அடிவானத்தில் கானல் அலையடிக்கிறது. அதற்குள் ஒரு கறுப்புப் புள்ளி. இசை கிடையாது. புள்ளி மெல்ல வளர்ந்து, ஒட்டகத்தில் வரும் மனிதனாக ஆகிறது. ஒளிப்பதிவாளர் ஃபிரெடி யங் இதற்கென்றே 482 மி.மீ. நீளக் குவிய லென்ஸைப் பயன்படுத்தினார். படம் எடுக்கப்பட்டது 65 மி.மீ. நெகட்டிவில், சாதாரண 35 மி.மீ. ஃபிரேமைவிட அதன் பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. புள்ளி புள்ளியாகவே, அதே சமயம் தெளிவாகவும் தெரிய வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த கருவிகள் போல இருக்கின்றன இவை.

சிறிய திரையில் அந்தப் புள்ளி இருப்பதே தெரியாது. எனவே பார்ப்பவர் வெறுமனே காத்திருக்கிறார், கை ரிமோட்டைத் தேடுகிறது. பெரிய திரையில் அவரே தேடுகிறார். தேடும் கண்ணுக்கு அந்த நேரம் நீளமே இல்லை. லீன் இந்தக் காட்சியை இன்னும் நீளமாக வைத்திருந்துவிட்டு, தைரியம் போதாமல் குறைத்துவிட்டதாகப் பிற்பாடு வருத்தப்பட்டார். பெரிய திரையில் பார்த்தவர்களுக்கு அந்த வருத்தம் நியாயமானதுதான் என்று தோன்றும்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இந்தப் படத்தைப் பதின்ம வயதில் பார்த்தவர். ஒரு புதுப் படத்தைத் தொடங்கும் முன் திரும்பப் பார்ப்பதாக அவர் சொல்லும் சில படங்களில் இதுவும் ஒன்று. ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'செவன் சாமுராய்' (1954), ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) ஆகியவையும் அதில் உண்டு. சரி, ஸ்பீல்பெர்க் லீனிடமிருந்து என்ன எடுத்தார்? 'ஜாஸ்' (1975) படத்தில் காவல் அதிகாரி கடற்கரையில் உட்கார்ந்து கடலின் மேற்பரப்பைக் கண்ணால் துழாவும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நாமும் அவரோடு சேர்ந்து, பரந்த நீர்ப்பரப்பில் ஒரு சின்ன அசைவைத் தேடுகிறோம். பாலைவனம் இல்லை, ஒட்டகம் இல்லை, ஒரு ஷாட்கூடப் பொருந்தாது. ஆனால் பார்வையாளரின் கண்ணுக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். செல்வாக்கு என்று நான் சொல்வது இதைத்தான். அருகருகே வைத்துக் காட்டும் வீடியோவில் இது வரவே வராது.

இதற்கு நேரெதிரான உதாரணம் குரோசவாவின் 'தி ஹிடன் ஃபோர்ட்ரஸ்' (1958). 'ஸ்டார் வார்ஸ்' (1977) கதையை இரண்டு சாமானியர்களின் கண் வழியாகத் தொடங்கும் யோசனை ஜார்ஜ் லூகாஸுக்கு இதிலிருந்துதான் கிடைத்தது. அதை அவரே சொல்லியிருக்கிறார், எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகு வீட்டில் பார்ப்பவர்கள் "ஆமாம், இந்த விவசாயிகள்தான் அந்த ரோபோக்கள்" என்று டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குரோசவா அகலத்திரையில் எடுத்த முதல் படம் இது. அந்த அகலத்தை நிரப்பாமல் எங்கே காலியாக விட்டார், இரண்டு பேரை ஒரே சரிவில் எவ்வளவு தள்ளித் தள்ளி நிறுத்தினார் என்பதுதான் திரையரங்கில் முகத்தில் அறைவது போலத் தெரியும் விஷயம். லூகாஸ் இதை எவ்வளவு மதித்தார் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு: குரோசவா பணம் கிடைக்காமல் தவித்த காலத்தில் லூகாஸும் இயக்குநர் கொப்போலாவும் ஹாலிவுட் ஸ்டூடியோ ஒன்றைப் பேசிச் சம்மதிக்க வைத்ததால்தான் 'ககேமுஷா' (1980) முடிந்தது.

அந்தக் குரோசவாவின் ரசனையும் வேறொருவர் கொடுத்ததுதான். அவருடைய அண்ணன் ஹெய்கோ மௌனப்படங்களுக்குத் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் பென்ஷியாக இருந்தவர். எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று தம்பிக்கு வழிகாட்டியவர் அவர். ஆபெல் கான்ஸின் 'லா ரூ' (1923) தன்னை ஆழமாகப் பாதித்த முதல் படங்களில் ஒன்று என்று குரோசவா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அடுத்து, நேரம். 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' படத்தை ஏன் தியேட்டரில் பார்க்க வேண்டும் என்று கேட்டால், முதல் ஒரு மணி நேரத்துக்காக என்பேன். எண்ணெய்க் கிணற்றில் பற்றிய தீயை அணைக்க, குலுங்கினால் வெடிக்கும் நைட்ரோகிளிசரினை நான்கு பேர் இரண்டு லாரிகளில் கொண்டு போகிறார்கள் என்பதுதான் கதை. ஆனால் லாரி கிளம்புவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை வேலையில்லாமல், ஊர் திரும்பக் காசில்லாமல், வெயிலில் கிடக்கும் மனிதர்கள். வீட்டில் இந்தப் பகுதியைத் தாண்டி ஓட்டியவர்கள் பலர். தாண்டி ஓட்டினால் பிற்பாதி வெறும் பரபரப்பாக மட்டும் மிஞ்சும். அந்த அலுப்பை நாமும் அனுபவித்திருந்தால்தான், இவ்வளவு ஆபத்தான வேலைக்கு ஏன் போட்டி போடுகிறார்கள் என்பது உடம்புக்குப் புரியும். திரையரங்கு இருக்கை உங்களைக் கட்டிப்போடுவது இங்கே படத்துக்குப் பெரிய உதவி. இந்தப் படத்தை உள்வாங்கிய இயக்குநர் பதற்றம் என்றால் வேகம் என்று நினைக்க மாட்டார்.

'பெரியது' என்பதற்கு ட்ரையரின் 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' (1928) போதும். கிட்டத்தட்ட படம் முழுக்க முகங்கள். பிரெஞ்சு இயக்குநர் கோதார் தன்னுடைய 'விவ்ர் ஸா வீ' (1962) படத்தில் நாயகி நானாவை ஒரு தியேட்டருக்குள் உட்காரவைத்து இந்தப் படத்தைப் பார்க்கவைத்தார். திரையில் ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டியின் முகம், இருக்கையில் அன்னா கரீனாவின் முகம், இரண்டிலும் கண்ணீர். தன்னை உருவாக்கிய படத்தைத் தன் படத்துக்குள்ளேயே பெரிய திரையில் ஓட்டிக் காட்டிய இயக்குநர் அவர். இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் திரையிடும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். 'ஜோன்' படத்தின் மூல நெகட்டிவ் தீயில் போய்விட்டது. ட்ரையர் முதலில் தொகுத்த வடிவத்தின் ஒரு பிரிண்ட் 1981-இல் ஆஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் கிடைத்தது. கோதார் 1962-இல் பயன்படுத்தியது இந்தப் பிரிண்ட்டாக இருந்திருக்க முடியாது. நாம் இன்று திரையில் பார்ப்பது, அந்த விஷயத்தில், அவருக்குக் கிடைத்ததைவிட மேலானது.

இன்னொன்று யாரும் அதிகம் சொல்வதில்லை: சிரிப்பு. பல இயக்குநர்களின் பட்டியலில் ஒரு பழைய நகைச்சுவைப் படமாவது இருக்கும். வீட்டில் தனியாகப் பார்த்தால் அவற்றில் சில தொய்வாகத் தெரியும். அதற்கு ஒரு காரணம் உண்டு. மார்க்ஸ் சகோதரர்கள் 'எ நைட் அட் தி ஆபரா'வின் (1935) காட்சிகளைப் படமாக்கும் முன் மேடையில் ரசிகர்கள் முன் நடித்துப் பார்த்தார்கள். எந்த இடத்தில், எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கவனித்து, அதற்கேற்ற இடைவெளிகளைப் படத்தில் விட்டார்கள். அந்த இடைவெளிகளை நிரப்ப ஆள் இருந்தால்தான் அந்தப் படம் முழுமை அடையும். நகைச்சுவைப் படங்களுக்குத் திரையின் அளவைவிட அரங்கின் கூட்டம் முக்கியம். எனவே காலியான பகல் காட்சியைத் தவிர்த்துவிட்டு ஆள் வரும் காட்சிக்குப் போங்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். மார்ட்டின் ஸ்கார்செஸி இத்தாலிய இயக்குநர்கள் ரொஸ்ஸெல்லினி, டி ஸீகாவின் படங்களை முதலில் பார்த்தது வீட்டில், குடும்பத்தோடு, சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியில். 'மை வாயேஜ் டு இத்தாலி' ஆவணப்படத்தில் அவரே விரிவாகச் சொல்கிறார். பாவெல், பிரெஸ்பர்கரின் 'தி டேல்ஸ் ஆஃப் ஹாஃப்மன்' (1951) படத்தையும் தொலைக்காட்சியில்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். வண்ணத்தால் வாழும் படம், அவருக்குக் கிடைத்தது கறுப்பு வெள்ளையில், விளம்பரங்களோடு. பிறகு அதன் 16 மி.மீ. பிரிண்ட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார். அதே பிரிண்ட்டை மாறி மாறி வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்த இன்னொரு இளைஞர், பின்னாளில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) எடுத்த ஜார்ஜ் ரொமேரோ. ஓர் ஆபரா படம் நியூயார்க் தெருக்களைப் படமாக்கியவரையும் பிணங்களை நடக்கவிட்டவரையும் ஒரே நேரத்தில் உருவாக்கியிருக்கிறது. அப்படியென்றால் சின்னத் திரையே போதுமே?

போதாது என்பதை ஸ்கார்செஸியின் வாழ்க்கையே சொல்கிறது. முகங்களும் கதையும் சின்னத் திரையைத் தாண்டி அவரிடம் வந்து சேர்ந்தன. ஆனால் பாவெல், பிரெஸ்பர்கர் இருவரின் 'தி ரெட் ஷூஸ்' (1948) படத்தை அவர் சிறுவனாகத் தந்தையோடு தியேட்டரில் பார்த்தார். ஜாக் கார்டிஃப் டெக்னிகலரில் எடுத்த படம், நடுவில் கால் மணி நேரத்துக்கு ஒரே நடனம். அது அவரை விடவே இல்லை. அதன் புதுப்பித்த பிரதி 2009-இல் கான் விழாவில் திரையிடப்பட்டபோது அதற்குப் பின்னால் நின்றது, 1990-இல் அவர் தொடங்கிய தி ஃபிலிம் ஃபவுண்டேஷன். உதய் சங்கரின் 'கல்பனா'வும் (1948) அவருடைய உலக சினிமா திட்டத்தின் வழியாகத்தான் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் கானில் திரைக்கு வந்தது. சின்னத் திரையில் பார்த்துக் காதலித்தவர், அந்தக் காதலைத் திருப்பிச் செலுத்த வாழ்நாளெல்லாம் பெரிய திரைக்கான பிரிண்ட்டுகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

பாரிஸ் கதையையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹென்றி லாங்லுவாவும் ஜார்ஜ் ஃப்ரான்ஜுவும் 1936-இல் தொடங்கிய சினமாதெக் ஃப்ரான்சேஸ் என்ற திரைப்படக் காப்பகம்தான் த்ருஃபோ, கோதார், ரிவெத் ஆகிய இயக்குநர்களின் தலைமுறைக்குப் பள்ளி. ஆனால் அவர்கள் நாள்தோறும் போன மெஸ்ஸீன் அவென்யூ அரங்கில் இருந்தது சுமார் 60 இருக்கைதான். எனவே 'பெரிய திரை' என்பதை மீட்டரில் அளக்க வேண்டாம். அவர்கள் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். திரை கண்ணை நிறைத்துவிட்டது. லாங்லுவா ஒரே மாலையில் சம்பந்தமில்லாத படங்களை அடுத்தடுத்து ஓட்டுவார். வசன வரிகள் இல்லாத வெளிநாட்டுப் படங்களும் வரும். மொழி புரியாததால் கேமரா எங்கே நிற்கிறது, ஆள் எப்படி நகர்கிறார் என்பதைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1968 பிப்ரவரியில் அரசு லாங்லுவாவைப் பதவியிலிருந்து நீக்கியபோது இவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஏப்ரலில் அவர் திரும்ப வந்தார். தங்கள் ரசனையை உருவாக்கிய திரையைக் காப்பாற்ற இயக்குநர்கள் தெருவில் நின்று போராடியது அப்போதுதான்.

நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். சத்யஜித் ராய் 1947-இல் நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். 1950-இல் விளம்பர நிறுவன வேலையாக லண்டன் போனபோது சில மாதங்களில் சுமார் நூறு படங்கள் பார்த்தார். அதில் டி ஸீகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) முடிவு செய்துவிட்டது: நட்சத்திரங்கள் வேண்டாம், செட் வேண்டாம், தெருவே போதும். 'பதேர் பாஞ்சாலி' 1955-இல் வந்தது. 1952-இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் அதே இத்தாலியப் படத்தைப் பார்த்த பிமல் ராய் அடுத்த ஆண்டே 'தோ பீகா ஜமீன்' எடுத்தார். எஸ். பாலசந்தர் ஒரு திரைப்பட விழாவில் 'ரஷோமோன்' (1950) பார்த்தார். 1954-இல் பாட்டே இல்லாத 'அந்த நாள்' நமக்குக் கிடைத்தது. மூன்று பேருக்குமே அது ஒரு முறை இருட்டில் பார்த்து மனத்தில் பதிந்த படம். திரும்பப் போட்டுப் பார்க்க அவர்கள் கையில் எதுவும் இல்லை. 'அந்த நாள்' படத்தில் 'ரஷோமோன்' காட்சிகளைத் தேடினால் கிடைக்காது. ஒரு கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லலாம், பார்வையாளர் அதைத் தாங்குவார் என்ற நம்பிக்கைதான் அங்கிருந்து வந்தது.

இயக்குநர்கள் தங்கள் குழுவுக்கே படம் போட்டுக் காட்டும் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தொடர்களின் மூலவடிவம் அதுதான். 'சிட்டிசன் கேன்' (1941) எடுப்பதற்கு முன் ஆர்சன் வெல்ஸ், ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' (1939) படத்தை இரவுதோறும் ஓட்டி, பக்கத்தில் ஒவ்வொரு தொழில்நுட்பக் கலைஞராக உட்காரவைத்து, இது எப்படிச் செய்தார்கள் என்று கேட்டுக் கேட்டுக் கற்றார். டேவிட் லிஞ்ச் 'இரேசர்ஹெட்' (1977) தொடங்கும் முன் தன் குழுவுக்கு பில்லி வைல்டரின் 'சன்செட் பொலிவார்ட்' (1950) போட்டுக் காட்டினார். சில ஆண்டுகள் கழித்து ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' (1980) குழுவுக்குப் போட்டுக் காட்டியது 'இரேசர்ஹெட்'. இந்த மூன்று படங்களுக்கும் நடுவே ஒரே மாதிரியான ஷாட் என்று காட்ட அதிகம் இல்லை. மூன்றிலும் ஒரு மூடிய இடம், அதற்குள் மெல்லத் தடம் மாறும் ஒரு மனம், வெளியே போக வழி இல்லை என்ற உணர்வு. "இந்தக் காட்சியை இப்படி எடு" என்று சொல்ல அவர்கள் படம் காட்டவில்லை. "இந்தக் காற்றை நம் படத்தில் கொண்டுவர வேண்டும்" என்று சொல்லக் காட்டினார்கள்.

இனி நடைமுறை விஷயங்கள். டிக்கெட் எடுக்கும் முன் எந்த வடிவத்தில் திரையிடுகிறார்கள் என்று பாருங்கள். 35 மி.மீ., 70 மி.மீ. பிரிண்ட்டா, புதுப்பித்த பிரதியிலிருந்து வந்த டிசிபியா (தியேட்டருக்கான டிஜிட்டல் கோப்பு)? பிரிண்ட் என்றாலே மேல் என்று நான் சொல்ல மாட்டேன். ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட்டுகளில் பல, நீலமும் பச்சையும் வெளுத்து, ரோஜா நிறத்துக்குப் போய்விட்டன. வண்ணமே உயிரான படத்தை அப்படிப் பார்ப்பதைவிட நல்ல 4கே டிசிபி எவ்வளவோ மேல். மாறாக, பழைய டெக்னிகலர் சாயப் பிரிண்ட் நல்ல நிலையில் எங்காவது ஓடினால், வேலையை ஒதுக்கிவிட்டுப் போங்கள். அந்தச் சாயம் வெளுக்காது. 2018-இல் கானில் நோலன் அறிமுகம் செய்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யின் 70 மி.மீ. பிரிண்ட், கணினியில் எந்தத் திருத்தமும் செய்யாமல், மூல நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதிகளிலிருந்தே உருவானது. ஏழு வயதில் தந்தையோடு லண்டனில் அந்தப் படத்தைப் பார்த்த அனுபவத்தை மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

மௌனப்படம் என்றால் நேரடி இசை உண்டா என்று கேளுங்கள். எந்த வேகத்தில் ஓட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். ஒலிப்படங்களுக்கு நொடிக்கு 24 ஃபிரேம் நிரந்தரமானது. மௌனப்படங்களில் பல அதைவிடக் குறைந்த வேகத்தில் எடுக்கப்பட்டவை. 24-இல் ஓட்டினால் எல்லோரும் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். அந்தக் காலத்து நடிப்பே அப்படித்தான் என்று நாம் தவறாக முடிவு கட்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருக்கையை வழக்கத்தைவிட இரண்டு மூன்று வரிசை முன்னால் எடுங்கள். திரையின் இரண்டு ஓரமும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடாத தூரம் நல்லது. அதற்காகக் கழுத்து வலிக்க முதல் வரிசைக்குப் போக வேண்டியதில்லை, பாரிஸ்காரர்கள் மன்னிப்பார்கள். படத்துக்கு முன் அந்த இயக்குநர் எழுதிய அறிமுகக் குறிப்பைப் படிக்காதீர்கள். அவர் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். படம் முடிந்த பிறகு படியுங்கள். அப்புறம், ஓரிரு நாள் இடைவெளி விட்டு அவருடைய சொந்தப் படம் ஒன்றைப் பாருங்கள். அதையும் முடிந்தால் தியேட்டரில்.

ஒரு தொடரில் எல்லாவற்றுக்கும் போக முடியாது என்றால் நான் தேர்ந்தெடுக்கும் விதம் இது. வசனத்தில் நடக்கும் படங்களையும், ஏற்கெனவே பல முறை பார்த்த படங்களையும் வீட்டுக்கு விட்டுவிடுவேன். பட்டியலில் உள்ள மௌனப்படத்துக்கு முதல் இடம். அது வீட்டில்தான் மிக அதிகமாகச் சேதமாகிறது. 65 மி.மீ. நெகட்டிவில் எடுத்த படத்துக்கு இரண்டாவது இடம். மூன்றாவதாக, அந்த இயக்குநரின் படங்களுக்குத் துளியும் சம்பந்தமில்லாதது போலத் தெரியும் படத்துக்குப் போவேன். நோலனின் தொடரில் அது 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' (1981). ஓட்டப்பந்தய வீரர்களின் கதையைப் போர்ப் படத்துக்கான பட்டியலில் ஏன் வைத்தார் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போங்கள். படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே கடற்கரையில் ஓடும் கால்கள் வரும்.